காரைக்குடியிலிருந்து தீம் பார்க்: சின்னப் பிள்ளையின் முதல் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதை முதன்முதலாகத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், எல்லோரும் கேட்பது "எந்தப் பார்க் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு: பிள்ளையின் உயரம், மதியத் தூக்கம், கூட வருகிறவர்களின் எண்ணிக்கை. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பார்க் எது என்பது ஏறக்குறைய தானே முடிவாகிவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பயணம் சின்னதாக இருக்கட்டும். பக்கத்து ஊர், அரை நாள், நாலைந்து ரைடு. "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், எல்லாவற்றிலும் ஏற்றிவிடுவோம்" என்று கிளம்பும் பயணங்களில்தான் மூன்று மணிக்குப் பிள்ளை தரையில் புரண்டு அழும்.

முதல் படி: உயரம் அளப்பது

தீம் பார்க்கில் வயதைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். கோட்டுக்குக் கீழே தலை நின்றால், எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். ஏற்றவும் கூடாது. இருக்கையின் கம்பியும் பெல்ட்டும் ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடித்து வைக்கத்தான் செய்யப்பட்டவை. அதைவிடச் சின்ன உடம்பு அதற்குள்ளிருந்து நழுவிவிடும்.

வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பிள்ளையைச் செருப்பில்லாமல் நிலைக்கதவை ஒட்டி நிறுத்தி, குதிகால் மரத்தைத் தொட, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு டேப்பால் அளக்க வேண்டும். தேக்கு நிலையில் கோடு போட ஐயா (தாத்தா) விட மாட்டார் என்றால் சுவரில் போடுங்கள். சுண்ணாம்புச் சுவர் என்றால் அதற்கும் ஒரு பேச்சு விழும். காகிதம் ஒட்டிப் போடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதில் நடுத்தர உயரம் சுமார் 95 முதல் 96 சென்டிமீட்டர், நான்கு வயதில் சுமார் 103, ஐந்து வயதில் சுமார் 110. வேகமான பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 120 அல்லது 140 சென்டிமீட்டர் கேட்பார்கள். ஆக, எல்.கே.ஜி. பிள்ளைக்கு விளம்பரத்தில் வரும் ரோலர் கோஸ்டர் எதுவும் கிடையாது. அதற்குக் கிடைப்பது குழந்தைகள் பகுதி, சுற்றும் குதிரை, குட்டி ரயில், ஆழமில்லாத தண்ணீர்க் குளம். இது முன்கூட்டியே தெரிந்தால் வாசலில் ஏமாற்றம் இருக்காது. பிள்ளையிடமும் யூடியூபில் பெரிய ரைடுகளைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். ஏற முடிகிற ரைடை மட்டும் காட்டுங்கள்.

டிக்கெட்டும் பல இடங்களில் உயரத்தை வைத்துத்தான். வொண்டர்லா பார்க்குகளில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நுழைவு இலவசம், 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். பன்னிரண்டு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட அண்ணன் ஒருவன் கூட வந்தால், அவனுக்கு முழுக் கட்டணம் விழும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊரிலேயே ஒரு ஒத்திகை

இந்த வசதி நகரத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்க்காது. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவோ, கொப்புடைய நாயகி அம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழாவோ, உங்கள் ஊரில் மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்போ, எதை ஒட்டியாவது பொட்டலில் ராட்டினம் போடுவார்கள். டோரா டோரா, கப்பல் மாதிரி ஆடும் கொலம்பஸ், டிராகன் ரயில், காற்றடைத்த சறுக்கு எல்லாம் வந்து நிற்கும். தீம் பார்க்கில் பிள்ளை எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்த்துவிடலாம்.

முதலில் பத்து நிமிடம் வெளியே நின்று வேடிக்கை பாருங்கள். பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மேலே போகிறதைப் பார்த்துச் சிரிக்கிறதா, கீழே நம் வேட்டியை இறுக்கிப் பிடிக்கிறதா? பிறகு தரையோடு சுற்றுகிற குட்டி ராட்டினத்தில் ஒரு முறை மட்டும் ஏற்றுங்கள். முதல் சுற்றில் கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருக்கும், முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. மூன்றாவது சுற்றில் ஒரு கையை எடுத்து நமக்கு ஆட்டினால் பிள்ளை தயார். இறங்கும்வரை அந்த முகம் அப்படியே இறுகிக் கிடந்தால் அவசரப்படாதீர்கள், பயணத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: ஒலிபெருக்கிச் சத்தம். ரைடுக்குப் பயப்படாத பிள்ளைகூடச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இருட்டு அறை ரைடுகளும், பேய் வீடும், முப்பரிமாணப் படக் கொட்டகையும் வேண்டவே வேண்டாம்.

திருவிழா ராட்டினத்தில் உயரக் கோடு இருப்பது அரிது. அங்கே கோடு போட வேண்டியது நீங்கள்தான். பெல்ட் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையைத் திறந்த தொட்டில் உள்ள ஜெயன்ட் வீலிலும் கொலம்பஸிலும் ஏற்ற வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டாலும் வேண்டாம். கப்பல் மேலே எழும்பி இறங்கும்போது மடியிலிருக்கும் பிள்ளையைப் பிடித்து வைக்கும் பலம் நம் கைக்குக் கிடையாது.

மூன்றாம் படி: எங்கே போவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் பயணத்துக்கு நான் சொல்வது மதுரை பரவையில் இருக்கும் அதிசயம் பார்க். திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய் நகரைக் கடந்து, பாத்திமா கல்லூரி, விளாங்குடி தாண்டினால் பரவை. காலையில் போய் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தன் தலையணையில் தூங்கும் பிள்ளை மறுநாள் நல்லபடியாக எழுந்திருக்கும். முதல் தடவைக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. தண்ணீர் விளையாட்டும் சாதாரண ரைடும் ஒரே வளாகத்தில் இருப்பது இன்னொரு சௌகரியம்.

அடுத்தது சென்னை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும் பல காலமாக இருக்கின்றன. இள்ளலூர் போவதாக இருந்தால் பல்லவன் ரயிலில் விடியற்காலை ஏறி, எழும்பூர் வரை போகாமல் செங்கல்பட்டிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து திருப்போரூருக்கு நேர்ச்சாலை இருக்கிறது. நகர நெரிசலுக்குள் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அன்று சாயங்காலம் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் தங்கி, மறுநாள் காலை பார்க்குக்குப் போகலாம்.

கிளம்பிய அன்றே பார்க்குக்குப் போகிற திட்டம் மட்டும் வேண்டாம். பல்லவன் அந்தப் பக்கம் போய்ச் சேரவே உச்சிவேளை நெருங்கிவிடும். திரும்புகிற பல்லவனோ சென்னையிலிருந்து மதியத்துக்கு மேல் கிளம்புவது. பார்க்குக்குப் போன அன்றே அதைப் பிடிக்கவும் முடியாது. ஆக, இரண்டு இரவு தங்கல் அல்லது திரும்பும்போது இரவு ரயில், இந்த இரண்டில் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். அதனால்தான் சென்னையை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ரயிலில் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் தனி இருக்கையோ படுக்கையோ கேட்டால் முழுக் கட்டணம். அரசுப் பேருந்திலும் ஐந்து வயது வரை இலவசம். நான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனை மணி நேரம் மடி போதாது. காசு போனாலும் பகல் ரயிலில் ஒரு இருக்கை எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு குறைவு. "இங்கே வாங்க, யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கூட்டிப் போறேன்" என்று போனில் அழைப்பு வரும். திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் ஆசையும் வரும். செந்தோசாவில் இருக்கும் அந்தப் பூங்காவில் நான்கு வயதிலிருந்து குழந்தை டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் பேர்பெற்ற ரைடுகள் சிலவற்றுக்கு 122 அல்லது 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நான்கு வயதில் போனால் மாமா ஏறுவார், பிள்ளை கீழே நின்று பார்க்கும். எல்லை தாண்டி மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கம் 2012-ல் திறந்த லெகோலாந்து இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியது. சின்னவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் பாலத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசையிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், மாமாவிடம் "ஏழு வயசு ஆகட்டும்" என்று சொல்லிவிடலாம்.

நான்காம் படி: நாள் குறிப்பது

கத்திரி வெயிலில் வேண்டாம். மே மாதப் பள்ளி விடுமுறையில்தான் எல்லோரும் போவார்கள், வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைக்குள் வண்டி நகராது. காணும் பொங்கலன்று எந்தப் பொழுதுபோக்கு இடத்திலும் கால் வைக்க முடியாது. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை மாதம். இடி மின்னல் வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

மிச்சம் இருப்பதில் நல்லது, பொங்கல் கூட்டம் வடிந்தபின் தை, மாசி. அடுத்தது ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் வீட்டில் ஆள் கைக்குக் கிடைப்பார்கள், வண்டியும் கிடைக்கும். வார நாளில் போங்கள். எல்.கே.ஜி.யில் ஒரு நாள் விடுப்பால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வார நாளில் பெரும்பாலும் கட்டணமும் குறைவு, வரிசையும் குறைவு. பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் அன்று வருகிறதா என்று மட்டும் முன்னதாகப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேருந்து நிறைய எட்டாம் வகுப்புப் பையன்கள் வந்து இறங்கிய அன்று அலைக்குளத்தில் சின்னப் பிள்ளைக்கு இடம் கிடைக்காது.

ஐந்தாம் படி: யார் யார் வருவது

இங்கேதான் செட்டிநாட்டு வீடுகளில் திட்டம் தடம் புரளும். பிள்ளைக்காக ஆரம்பித்த பயணம், ஐயா, அப்பத்தா, அத்தை வீட்டுப் பிள்ளைகள், பெரியப்பா மகன் என்று ஒரு டெம்போ டிராவலராக வளர்ந்து நிற்கும். வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. வேலையை மட்டும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

ஆறு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், பெயர் சொல்லி. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரிய பையன்களுக்குத் துணையாகச் சித்தப்பா ஒருவரைத் தனியாக அனுப்பிவிடுங்கள். அவர்கள் ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்க, சின்னதும் கூடவே வெயிலில் நிற்க வேண்டியதில்லை. மதியம் இத்தனை மணிக்கு இந்த இடம் என்று குறித்து, அங்கே சேர்ந்து சாப்பிட்டால் போதும்.

அப்பத்தாவுக்கு ஒரு நிழலும் நாற்காலியும் முக்கியம். "இம்புட்டுக் காசு கட்டிப் புள்ளைய அழவிடவா கூட்டிப் போறீக?" என்று கிளம்பும் முன்பே ஆரம்பிப்பார். ஆனால் பை, செருப்பு, போன் எல்லாவற்றையும் காத்துக்கொண்டு, களைத்து வரும் பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைக்க அவரைவிட நல்ல ஆள் கிடையாது. மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள், ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூட்டை கட்டுவது

தண்ணீர்ப் பகுதியில் பருத்தித் துணியை அனுமதிக்க மாட்டார்கள். நைலான் போன்ற செயற்கை இழை நீச்சலுடைதான் வேண்டும். அங்கே வாங்கினால் விலை கூடுதல்; ஊரிலேயே வாங்கி வீட்டில் ஒரு தரம் போட்டுக் குளிக்க வைத்துப் பாருங்கள், உறுத்தினால் வீட்டிலேயே தெரிந்துவிடும். கூடவே இரண்டு மாற்றுடை, இரண்டு துண்டு, ஈரத்துணிக்கு ஒரு கெட்டியான பை, தொப்பி, வழுக்காத செருப்பு. போன் நனையாமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் உறை.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவன முறைப்படி என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உறையில் சொன்ன அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கண்ணளவில் போடக் கூடாது. காய்ச்சல், வாந்தி மருந்து எதுவானாலும் பிள்ளையின் டாக்டரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் மனஸ்தாபம் வரும். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பார்க்குகள் உள்ளே விடுவதில்லை. கைக்குழந்தைச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. தூக்கு நிறையப் புளியோதரை கட்டிக்கொண்டு போய் வாசலில் காவலாளியோடு வாதாடுவதில் பயனில்லை. பொடி தடவிய இட்லியை வழியிலேயே, ரைடுக்கு முக்கால் மணி நேரம் முன்பாவது கொடுத்து முடித்துவிடுங்கள். புளியோதரை வண்டியில் இருக்கட்டும், திரும்பும்போது எல்லோருக்கும் தேவாமிர்தமாக இருக்கும். சீப்புச் சீடையும் தேன்குழலும் அதோடு வரட்டும். உள்ளே பிள்ளைக்கு தயிர் சாதமோ இட்லியோ கிடைக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள். காரமான பிரைடு ரைஸை நம்பிப் போகாதீர்கள்.

ஏழாம் படி: அந்த நாள்

பார்க்குகள் பத்தரை, பதினொன்றுக்குத்தான் திறக்கும். திறக்கும்போது வாசலில் இருங்கள். உள்ளே போகும் முன் பிள்ளையை நிறுத்தி அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுங்கள்; தொலைந்தால் காட்ட அதுதான் உதவும். உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், தண்ணீருக்குப் போய் வந்தபின் மறுபடி எழுதுங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லப் பழக்கிவிடுங்கள். "உங்க அப்பா பேர் என்ன?" என்று கேட்டால், தான் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே "அப்பச்சி" என்று சொல்லும் பிள்ளையை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு அறிவிப்பாளர் என்ன செய்வார்? சீருடை போட்டவர்களைக் காட்டி, "எங்களைக் காணோம்னா இவங்ககிட்டதான் போகணும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

முதல் ரைடு மெதுவானதாக இருக்கட்டும். குட்டி ரயில் உத்தமம், பார்க்கையும் சுற்றிப் பார்த்தாயிற்று. ஒரு ரைடைப் பிள்ளை மறுபடி மறுபடி கேட்டால் மறுபடி மறுபடி ஏற்றுங்கள். ஒரே குதிரையில் ஐந்து தடவை சுற்றினாலும் பணம் வீணில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "பயந்தாங்கொள்ளி" என்ற வார்த்தையை அன்றைக்கு யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று மாமாக்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் போகத் தோன்றும். பல இடங்களில் அந்தப் பகுதிக்குத் தனி நேரம் உண்டு, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் பிள்ளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முழங்கால் தண்ணீரானாலும். காற்றடைத்த மிதவையும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள், உயிர்காக்கும் சாதனங்கள் இல்லை. அலைக்குளத்தில் அலை வரும் முன் சங்கு ஊதுவார்கள். அப்போது விளிம்பில், தண்ணீர் கணுக்காலைத் தொடும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள். உதடு நீலம் பாரித்து நடுங்கினால் அன்றைக்குத் தண்ணீர் முடிந்தது.

பிறகு சாப்பாடு, அப்பத்தா மடி, தூக்கம். தூங்கும் பிள்ளையை "அடுத்த ரைடு போகலாம்" என்று எழுப்ப வேண்டாம். எழுந்தபின் தெம்பாக இருந்தால் காலையில் பிடித்த ரைடு இன்னொரு தடவை, ஒரு ஐஸ்கிரீம், அவ்வளவுதான். நாலு மணிக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கிளம்புங்கள். பெரிய பையன்கள் மூடும் வரை இருக்க வேண்டும் என்றால், சித்தப்பாவும் அவர்களும் தனி வண்டியில் வரட்டும். இதற்காகவே ஒரே வண்டியில் போகாமல் இரண்டாகப் போவது நல்லது.

வாசலில் பொம்மைக் கடை இருக்கும். உள்ளே நுழையும்போதே "திரும்பும்போது ஒன்று வாங்கலாம், ஒன்றே ஒன்று" என்று சொல்லி வைத்திருந்தால் அங்கே பஞ்சாயத்து இருக்காது.

மறுநாள்

பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், விடுப்பை இரண்டு நாளாகவே எழுதிவிடுங்கள். குளோரின் பட்ட தலைமுடியையும் தோலையும் அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள், பஞ்சு சுற்றிய குச்சியும் போடாதீர்கள். தலையைச் சாய்த்துத் துண்டால் ஒற்றினால் போதும். காதைத் தொட்டாலே வலி என்று அழுதாலோ, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டி, முந்தின நாள் தண்ணீர் விளையாட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள்.